ஐவர் வுட்: வாய் அசையாத பொம்மைகளை வைத்து இத்தனை தொடர்களை எப்படி எடுத்தார்?

மெழுகுபொம்மை

பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து ஒவ்வொரு படமாக எடுக்கும் ஸ்டாப் மோஷன் செய்கிறவர்களிடம் ஒரு சந்தேகம். ஐவர் வுட் என்ற பிரிட்டிஷ் குழந்தைகள் தொலைக்காட்சி இயக்குநரைப் பற்றித் தேடினால் எங்கு பார்த்தாலும் தொடர்களின் பெயர்ப் பட்டியல்தான் வருகிறது. தி மேஜிக் ரவுண்டபவுட், தி ஹெர்ப்ஸ், தி வோம்பிள்ஸ், பேடிங்டன், போஸ்ட்மேன் பேட். ஒரே ஆள் பெயரில் இத்தனையா என்று மலைப்பாக இருக்கிறது. ஐவர் தி இஞ்ஜின் என்று ஒரு ரயில் தொடரும் கண்ணில் பட்டது. அதுவும் இவருடையதா?

இவற்றில் எதில் அவர் இயக்குநர், எதில் உடன் வேலை செய்தவர் என்று முதலில் தெரிய வேண்டும். அடுத்தது, கணினி இல்லாத காலத்தில் சின்னக் குழுவை வைத்துக்கொண்டு இவ்வளவு நிமிடங்களை எப்படி எடுத்து முடித்தார்? இன்னொன்றும் உண்டு. அவருடைய பொம்மைகள் பேசும்போது வாய் அசைவதில்லை, பெரும்பாலும் ஒரே கதைசொல்லி எல்லாக் குரலையும் கொடுக்கிறார். யார் பேசுவது என்று பார்க்கும் குழந்தைக்குக் குழம்பாதா?

அதே பாணியில் தமிழில் 5 நிமிடப் படம் ஒன்று எடுக்கும் திட்டம். இரண்டு பொம்மைகள், 4 அடிக்கு 3 அடி மேஜை, ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா, டிராகன்பிரேம் என்ற ஸ்டாப் மோஷன் மென்பொருள். கரடி மாதிரி ரோமம் வைத்த பொம்மை ஒன்று, மழமழப்பான முகம் உள்ள பொம்மை ஒன்று.

ரீல்பெட்டி

முதலில் அந்த ரயிலை ஒதுக்கிவிடுவோம். ஐவர் தி இஞ்ஜின் ஆலிவர் போஸ்ட்கேட்டும் பீட்டர் ஃபர்மினும் நடத்திய ஸ்மால்ஃபிலிம்ஸின் படைப்பு, 1959ல் தொடங்கியது. அதில் ஐவர் என்பது வேல்ஸ் நாட்டு ரயில் இஞ்ஜினின் பெயர். ஐவர் வுட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தக் குழப்பம் ஆங்கிலத் தளங்களிலேயே ஓயாமல் வருகிறது.

வுட் 1932ல் லீட்ஸில் பிறந்தவர். அப்பா ஆங்கிலேயர், அம்மா பிரெஞ்சுக்காரர். போருக்குப் பிறகு குடும்பம் பிரான்ஸில் லியோன் பக்கம் குடியேறியது. பாரிஸில் ஓவியம் படித்துவிட்டு விளம்பரப் பட வேலைக்குப் போனார். அங்கேதான் செர்ஜ் டானோவின் பழக்கம். டானோ உருவாக்கி 1964ல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வந்ததுதான் மேஜிக் ரவுண்டபவுட்டின் மூலம். அது டானோவின் தொடர். வுட் அதன் உருவாக்கத்திலும் அனிமேஷனிலும் கூட நின்றவர். 'மேஜிக் ரவுண்டபவுட்டை உருவாக்கிய வுட்' என்று எழுதுவது சரியில்லை.

ஆனால் அந்தத் தொடரிலேயே அவருடைய பிற்கால வேலை முழுவதற்கும் விதை இருக்கிறது. யார் யார் எப்படி நகர்கிறார்கள் என்று பாருங்கள். டூகல் என்ற நாய்க்குத் தரை வரை முடி, கால் கண்ணில் படாது. பிரையன் நத்தை. செபடீக்குக் காலுக்குப் பதில் ஸ்பிரிங். இந்த மூவரும் நடக்கவே வேண்டாம், சறுக்கினால் போதும், துள்ளினால் போதும். இரண்டு கால் பொம்மையைச் சாதாரண வேகத்தில் ஓரடி நடக்க வைக்க சுமார் 12 பிரேம், அதாவது தனித்தனிப் படம், பிடிக்கும். அத்தனையிலும் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற வேண்டும், இடுப்பு ஏறி இறங்க வேண்டும், ஊன்றிய கால் மேஜையோடு இறுகி நிற்க வேண்டும். முடிக்குள் காலை மறைத்துவிட்டால் அந்த வேலை மொத்தமும் இல்லை.

அடுத்த கட்டம் ஃபிலிம்ஃபேர் என்ற லண்டன் அனிமேஷன் நிறுவனம். கிரஹாம் கிளட்டர்பக் நடத்திய அந்த நிறுவனத்துக்காக வுட் இயக்கிய முதல் பெரிய வேலை தி ஹெர்ப்ஸ், 1968. எழுதியவர் பேடிங்டன் என்ற கரடியின் கதைகளை எழுதிய மைக்கேல் பாண்ட். 15 நிமிடப் பாகங்கள் 13. அதிலிருந்து பார்ஸ்லி சிங்கத்தையும் டில் நாயையும் முன்னால் இழுத்து 1970ல் தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் பார்ஸ்லி என்று 5 நிமிடப் பாகங்கள் 32. இருக்கிற பொம்மையை வைத்தே சின்ன அளவில் இன்னொரு தொடர்.

1973ல் வோம்பிள்ஸ். எலிசபெத் பெரஸ்ஃபோர்டின் புத்தகங்களில் கரடிக்குட்டி போலிருந்த உருவத்துக்கு நீண்ட மூக்கும் தொங்கும் காதும் கொடுத்தது வுட்டின் வடிவமைப்பு. 5 நிமிடப் பாகங்கள் 60. குரல் முழுக்க பெர்னார்ட் கிரிபின்ஸ். பொம்மைகளை பிரேம் பிரேமாக அசைத்தவர் பாரி லீத், 1976ல் வந்த பேடிங்டனிலும் அவர்தான். இங்கே வுட் வடிவமைத்து இயக்குகிறவர், மேஜையில் குனிந்து நிற்பவர் வேறு ஆள். உங்கள் முதல் கேள்விக்கு இந்த இடம்தான் பதில்.

பிறகு ஃபிலிம்ஃபேரை விட்டு வெளியே வந்து, மனைவி ஜோசியானுடன் உட்லேண்ட் அனிமேஷன்ஸைத் தொடங்கினார். 1981ல் போஸ்ட்மேன் பேட், ஒரு தபால்காரரின் கதை. கதை ஜான் கன்லிஃப், இசை பிரையன் டேலி, குரலும் தலைப்புப் பாட்டும் கென் பேரி. தொடர்ந்து கிரான் (1983), பெர்தா (1985), சார்லி சாக் (1988). பேட் போன அளவுக்கு மற்ற மூன்றும் தூரம் போகவில்லை. வுட் 2004 அக்டோபரில் இறந்தார். அதற்கு முன்பே உட்லேண்டும் பேட்டின் உரிமையும் என்டர்டெயின்மென்ட் ரைட்ஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டன.

வேலைப் பயணமாகப் பார்த்தால் இந்தக் கடைசித் திருப்பம் முக்கியம். வோம்பிள்ஸும் பேடிங்டனும் ஏற்கெனவே புத்தகங்களில் பிறந்தவை, எழுத்தாளர்களின் சொத்து. பேட் தொலைக்காட்சிக்காகவே உருவான பாத்திரம், எடுத்தது சொந்த நிறுவனம். 48 வயதைத் தாண்டி ஒருவர் சொந்தக் கடை போடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

இன்னொரு எண்ணைக் கவனியுங்கள்: 13. ஹெர்ப்ஸ் 13, பேட் 13, கிரான் 13, பெர்தா 13, சார்லி சாக் 13. வாரம் ஒன்றாக ஒளிபரப்பினால் கால் வருடம். நான்கு முறை திருப்பிப் போட்டால் ஒரு வருடம் முடிந்தது. பார்க்கும் வயது 3 முதல் 5 வரை. இரண்டு வருடத்தில் அந்தக் குழந்தைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள், புதிய கூட்டம் வந்துவிடும். பேட்டின் முதல் 13 பாகங்களை வைத்தே 1980கள் முழுவதையும் பிபிசி ஓட்டியது. கூடுதல் பாகங்கள் வந்தது 1990களில்தான். ஆக 'இத்தனை நிமிடங்கள்' என்று நீங்கள் மலைக்கிறதில் ஒரு பகுதி மறு ஒளிபரப்பின் மாயம்.

அதற்காக வேலை லேசு என்று அர்த்தமில்லை. பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கு விநாடிக்கு 25 பிரேம். 15 நிமிடத்துக்கு 22,500. அதையே 13 பாகத்துக்குப் பெருக்கினால் 2,92,500. பொம்மையை ஒரு நிலையில் வைத்து அதையே 2 பிரேம் என்று எடுத்தாலும் ஒன்றரை லட்சம் முறைக்கு அருகே பொம்மையைத் தொட்டாக வேண்டும். அதனால்தான் எதைத் தொடவே வேண்டாம் என்பதை அவர் படம் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுகிறார்.

திரைக்குப்பின்

ரீல்பெட்டி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பேடிங்டனில் கரடி மட்டும்தான் முப்பரிமாணப் பொம்மை. வீடு, தெரு, மனிதர்கள் எல்லாம் தட்டையான படங்கள். பேடிங்டனின் நண்பரான மிஸ்டர் குரூபர் மார்மலேட் (ஆரஞ்சு ஜாம்) ஜாடியை நீட்டும்போது அது அவர் கையில் வெறும் ஓவியம். பேடிங்டன் கைக்கு வந்ததும் நிஜ ஜாடி. இதை விளக்க ஒரு வார்த்தைகூடப் படத்தில் வராது, குழந்தையும் கேட்காது. மனித உருவங்களுக்குப் பொம்மை செய்யும் செலவு முழுவதும் மிச்சம். பார்ப்பவர் கண்ணும் தானாகக் கரடி மேலேயே நிற்கும்.

பட்டறை

மூன்றாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். குழப்பம் வராது, ஆனால் அதற்குச் சில விதிகளைக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும்.

வாய் இல்லாத பொம்மையில் பேசுகிறவர் அசைய வேண்டும், கேட்கிறவர் அசையவே கூடாது. கேட்கிற பொம்மைக்கும் கொஞ்சம் உயிர் கொடுப்போமே என்று தலையை ஆட்டினீர்கள் என்றால் முடிந்தது, குரல் அதன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அசைவு குரலுக்கு 4 முதல் 6 பிரேம் முந்தி வரட்டும். தலை நிமிர்ந்த பிறகு குரல் கேட்டால் கண் சரியான பொம்மையில் இருக்கும். குரல் முதலில் வந்து தலை பின்னால் அசைந்தால், தப்பான ஆளைப் பார்த்துவிட்டுக் கண் திரும்ப வேண்டியிருக்கும். கேட்பவருடைய கண்சிமிட்டல், தலையாட்டல் எல்லாம் வசனம் முடிந்த பிறகுதான்.

அதனால் குரலை முதலில் பதிவு செய்யுங்கள். பதிவை மென்பொருளில் போட்டு, எந்த பிரேமில் எந்தச் சொல்லுக்கு அழுத்தம் விழுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லின் ஒவ்வொரு அசைக்கும் ஓர் அசைவு தேடாதீர்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு பெரிய அசைவு, ஒரு சின்ன அசைவு போதும். தமிழில் கதைசொல்லி 'என்றார் தாத்தா' என்று வாக்கியத்தின் கடைசியில்தான் ஆளைச் சொல்வார். அதற்குள் வசனம் முடிந்துவிடும். ஆகவே வசனம் நீளமாக இருந்தால் 'தாத்தா சொன்னார்' என்று முன்னாலேயே போடுங்கள், அல்லது பேசும் பொம்மையை மட்டும் காட்டும் ஷாட்டுக்கு மாறிவிடுங்கள்.

மழமழப்பான முகம் உள்ள பொம்மை ஒரு விநாடிக்கு மேல் சும்மா நின்றால் படம் உறைந்துபோன மாதிரி தெரியும். கண்சிமிட்டல் இருந்தால் தப்பிக்கலாம்: பாதி மூடியது 2 பிரேம், முழுதாக மூடியது 4, மறுபடி பாதி 2. இமைகளைத் தோல் நிறக் களிமண்ணில் மெல்லிய தகடாகச் செய்து ஊசி முனையால் ஒட்டி எடுங்கள். விரலால் ஒட்டினால் ரேகை பதியும். ரோமப் பொம்மைக்கு இந்தப் பிரச்சினை குறைவு. தொடும்போதெல்லாம் ரோமம் கொஞ்சம் கலைந்து, திரையில் அதுவாகவே சலசலத்துக்கொண்டிருக்கும்.

அந்தச் சலசலப்பு அளவு மீறினால் தொல்லை. நீள ரோமத்தைத் தவிர்த்து 5, 6 மி.மீ. உயரத்துக்குக் கத்தரியுங்கள். பொம்மைக்குக் கோட்டு, தொப்பி, பூட்ஸ் என்று கடினமான பிடிமானங்கள் கொடுத்து, அவற்றைப் பிடித்தே அசையுங்கள். பேடிங்டனின் உடுப்பு இந்த வேலைக்கு எவ்வளவு தோது என்று பாருங்கள்! ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் ஒரே திசையில் வாரிவிட்டு ஹேர் ஸ்பிரே லேசாக அடியுங்கள், ஷாட்டின் நடுவில் அடிக்காதீர்கள். பளபளப்பு மாறும்.

பொம்மைக்குள் இருக்கும் எலும்புக்கூடு: 1.5 மி.மீ. அலுமினியக் கம்பியை மூன்று இழையாகத் திரித்தது உங்கள் அளவுக்குப் போதும். துளையிடும் இயந்திரத்தில் மாட்டித் திரிக்கலாம், ஆனால் இறுக்கித் திரித்தால் திரிக்கும்போதே உலோகம் களைத்துவிடும். தொடை, முன்கை போன்ற வளையாத பகுதிகளுக்கு எபாக்சி புட்டி (காய்ந்ததும் கல்லாக இறுகும் பசை மாவு). கம்பி எப்போதும் முறிவது கணுக்காலில், அதிலும் எபாக்சி முடிகிற விளிம்பில். வளைவு முழுவதும் அந்த ஒரே கோட்டில் விழுவதுதான் காரணம். விளிம்பைக் கூராக விடாமல் சரித்துவிடுங்கள், மேலே நூல் சுற்றுங்கள். காலைக் கழற்றி மாட்டும்படி சதுரப் பித்தளைக் குழாய் செருகி வைத்தால், முறிந்ததும் பொம்மையைக் கிழிக்காமல் புதுக் காலைச் செருகலாம். மாற்றுக் கால்கள் இரண்டு ஜோடியை முன்பே செய்து வையுங்கள்.

பாதத்துக்குள் எம்3 (3 மி.மீ.) நட்டைப் புதைத்து, மேஜைக்கு அடியிலிருந்து போல்ட் போட்டு முடுக்குங்கள். ஓட்டையைத் தரை நிறக் களிமண்ணால் அடைக்கலாம். துளையிட்ட இரும்புத் தகடும் கீழே நியோடிமியம் காந்தமும் வேகமான வழி, ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும் பொம்மை காந்தத்தில் மெல்ல வழுக்கும். ஷாட் முடியும்வரை அது தெரியாது.

நடையே வேண்டாம் என்று முடிவு செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. போஸ்ட்மேன் பேட்டில் திருமதி கோகின்ஸ் தபால் அலுவலகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறார், பேட் பாதி நேரம் வேனுக்குள் இருக்கிறார். உங்கள் கதையிலும் ஒரு பொம்மையைக் கடைக்குள் உட்கார வையுங்கள்.

மெழுகுபொம்மை

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, மூவருக்கும் நன்றி. திரைக்குப்பின் சொன்ன தட்டைப் பின்னணி முறை எனக்குப் பொருந்தும் போலிருக்கிறது. மனிதர்களை அட்டையில் வெட்டி நிறுத்தினால் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்குமே? ஜாடி மாறும் அந்த வித்தையை எப்படி எடுப்பது? இன்னொன்று, வண்டி ஓட்டம் ஒரு காட்சியில் உண்டு.

சட்டகம்

ஒரு மாற்றுக் கருத்தோடு தொடங்குகிறேன். வாய் அசையாததைச் செலவு மிச்சம் என்று மட்டும் பேசுகிறோம். என் கணக்கில் அது இரண்டாவது காரணம்தான். ஒரே குரல் என்றால் மடியில் உட்காரவைத்துப் புத்தகம் வாசித்துக் காட்டுகிற மாதிரி. மைக்கேல் ஹார்டர்ன் பேடிங்டனுக்கும், பெட்ரிஷியா ஹேய்ஸ் கிரானுக்கும் கொடுத்தது அந்த வாசிப்புதான். எல்லாப் பாத்திரத்துக்கும் தனித்தனி நடிகர் என்று போனால் அது நாடகமாகிவிடும், இந்தக் கதைகள் நாடகத்தைத் தாங்காது. ஒருவர் காலை முதல் மாலை வரை கடிதம் கொடுக்கிறார், அவ்வளவுதானே கதை?

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மேஜிக் ரவுண்டபவுட் 1965 அக்டோபரில் பிபிசிக்கு வந்தபோது எரிக் தாம்ஸன் பிரெஞ்சுக் கதையை மொழிபெயர்க்கவே இல்லை. படத்தைப் பார்த்து, முற்றிலும் வேறு கதையை எழுதிப் பேசினார். வாய் அசைந்திருந்தால் அது நடந்திருக்காது. உதட்டோடு பொருத்தும் கட்டாயம் இல்லாத படம் எந்த மொழிக்கும் போகும். அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: குரலை ஒரு தடத்திலும் இசை, ஓசை இரண்டையும் வேறு தடத்திலும் தனித்தனியாகக் கடைசிவரை வைத்திருங்கள். ஒன்றாகக் கலந்த கோப்பை மட்டும் சேமித்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

இனி அட்டை. நிழல் விழுவது ஒளியின் உயரத்தால். முதன்மை விளக்கை 45 பாகைக்கு மேல் உயர்த்தினால் பொம்மையின் நிழல் தரையில் விழும், பின்னணியில் ஏறாது. பின்னணிப் பலகையைப் பொம்மைக்குப் பின்னால் குறைந்தது 40 செ.மீ. தள்ளி வைத்து, அதற்குத் தனி விளக்கு கொடுங்கள். ஓவியத்தில் அடிவானக் கோடு லென்ஸ் உயரத்துக்குச் சமமாக இருக்கட்டும். கேமராவை ஏற்றி இறக்கினால் கோடு பொருந்தாது. எனவே பின்னணி வரைவதற்கு முன்பே கேமரா உயரத்தை முடிவு செய்துவிடுங்கள்.

அட்டை மனிதர்களுக்கு 2 மி.மீ. அட்டை, பின்னால் முக்கோணத் தாங்கி. வெட்டிய விளிம்பில் அட்டையின் பழுப்பு தெரியும், ஓவியத்தின் கோட்டு நிறத்திலேயே பூசிவிடுங்கள். படத்தை ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பசை காயும்போது அட்டை வளையும். பின்புறமும் அதே தாளை ஒட்டினால் இழுவை சமமாகி நேராக நிற்கும். ஈரக்காற்று உள்ள ஊரென்றால் இதைத் தவிர்க்கவே முடியாது. ஒரு மனிதருக்கு நான்கு நிலை வரைந்தால் போதும்: நிற்பது, குனிவது, கை நீட்டுவது, திரும்புவது. ஒன்றை எடுத்து மற்றதை வைக்கும்போது பாதம் அதே இடத்தில் அமைய, தரையில் இரண்டு ஊசி நட்டு அதில் சாய்த்து வையுங்கள்.

ஜாடி வித்தையை இப்படிச் செய்யலாம். ஓவியக் கையில் ஜாடியைத் தனித் துண்டாக வெட்டி ஒட்டும் களிம்பால் பொருத்துங்கள். பொம்மையின் கை நெருங்கி, ஜாடியைப் பெரும்பாலும் மறைக்கும் பிரேம் வரை எடுங்கள். அந்த இடத்தில் நிறுத்தி ஓவிய ஜாடியை உரித்துவிட்டு, நிஜ ஜாடியைப் பொம்மைக் கையில் மெழுகால் ஒட்டுங்கள். முந்தைய பிரேமைத் திரையில் மங்கலாக மேலே காட்டும் வசதியை வைத்து, ஜாடியின் வாயும் அடியும் அதே உயரத்தில் அமைகிறதா என்று சரிபாருங்கள். அடுத்த பிரேமில் கையை இழுக்கத் தொடங்கிவிட வேண்டும். மாறிய பிறகு பொம்மை சும்மா நின்றால் தந்திரம் பளிச்சென்று தெரியும், அசைவுக்குள் மாறினால் தெரியாது. ஓவிய ஜாடியின் நிறத்தை நிஜ ஜாடியைப் பார்த்து, படப்பிடிப்பு விளக்குக்குக் கீழேயே கலக்குங்கள். பகல் வெளிச்சத்தில் கலந்த நிறம் விளக்கில் வேறாகத் தெரியும்.

வண்டி விஷயத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். திரையில் குறுக்காக ஓடும் வண்டியை ஒரு நிலைக்கு 2 பிரேம் என்று எடுத்தால் படம் துடிக்கும். அந்த ஷாட்டை மட்டும் 1 பிரேம் கணக்கில் எடுங்கள். கேமரா பக்கவாட்டில் திரும்பும் ஷாட்டுக்கும் இதே விதி. மேஜையின் கண்ணில் படாத ஓரத்தில் மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டி, வண்டியிலிருந்து ஒரு கம்பியை அதன் மேல் நீட்டிவிடுங்கள். கிளம்பும்போது 1, 2, 3, 4 மி.மீ. என்று கூட்டி, பிறகு ஒரே அளவில் ஓட்டி, நிற்கும்போது அதே மாதிரி குறைத்து வாருங்கள். கையால் உத்தேசமாகத் தள்ளினால் நடுவில் ஒரு பிரேம் 4, ஒரு பிரேம் 6 என்று ஆகி வண்டி விக்கும். கண் முதலில் பிடிப்பது அதைத்தான். மேடு பள்ளத்துக்கு 8, 10 பிரேமுக்கு ஒருமுறை வண்டியின் உடலை 1 மி.மீ. உயர்த்தி இறக்கினால் எடை வந்துவிடும்.

வண்டி ஓடும் காட்சியில் முகம் கிடையாது, பேச்சு கிடையாது. இசையோ கதைசொல்லியோ போதும். அப்படி ஒரு காட்சியைத் தரமாக எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த பாகத்திலும் பயன்படும், அதனால் அதில் மழை, திருவிழா என்று அந்தக் கதைக்கு மட்டும் உரியது எதையும் வைக்காதீர்கள்.

பட்டறை

சட்டகம் சொன்ன 'இரண்டாவது காரணம்' எனக்கு முழுதாக ஒப்புதல் இல்லை. வோம்பிள்ஸ் 60 பாகத்துக்கும் வாய் அசைவு வைத்திருந்தால் அந்த நாளைய பணத்தில் எடுத்தே இருக்க முடியாது. கிரிபின்ஸின் குரல் அழகு உண்மைதான், ஆனால் அந்த அழகுக்கு இடம் கொடுத்தது சிக்கனம்.

விளக்கு பற்றி யாரும் பேசவில்லை, அதையும் சேர்த்துவிடுகிறேன். உங்கள் டிஎஸ்எல்ஆரில் பாதிப் படம் இங்கேதான் கெடும். ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ், ஐஎஸ்ஓ, ஷட்டர் என்று கேமராவின் அமைப்புகள் எல்லாவற்றையும் தானியங்கியில் விடாமல் கையால் அமைத்திருப்பீர்கள். ஆனாலும் படம் மினுக்கும். லென்ஸுக்குள் ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் அபர்ச்சர் இதழ்கள் ஒவ்வொரு கிளிக்குக்கும் திறந்து மூடி, மயிரிழை வித்தியாசத்தில் நிற்பதுதான் காரணம். அபர்ச்சர் வளையம் உள்ள பழைய மேனுவல் லென்ஸை அடாப்டரில் மாட்டினால் இதழ் அசையவே அசையாது, பிரச்சினை அங்கேயே தீரும். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் வீடென்றால் விளக்குகளை ஸ்டெபிலைசரில் போடுங்கள். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள், ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரே இடத்தில் போய் நில்லுங்கள். வெள்ளைச் சட்டையிலிருந்து திரும்பும் வெளிச்சம் செட்டில் விழும், நீங்கள் இடம் மாறினால் அதுவும் மாறும்.

மெழுகுபொம்மை

அப்படியானால் கடைக்காரப் பாட்டி கவுண்டருக்குப் பின்னால், கரடி மட்டும் முழு உருவம், வாடிக்கையாளர்கள் அட்டை. 5 நிமிடத்துக்கு 7,500 பிரேம், 2 பிரேம் கணக்கில் 3,750 நிலை. நாளைக்கு எத்தனை விநாடி வைத்துத் திட்டமிடலாம்?

ரீல்பெட்டி

தலைப்பு, முடிவு இரண்டுக்கும் சேர்த்து 30 விநாடியைக் கழியுங்கள். வெறும் ஓவியத்தைக் காட்டிக் கதைசொல்லி பேசும் இடங்களுக்கு 60 விநாடி. மீதி 210 விநாடிதான் உண்மையில் பொம்மையைத் தொட்டு எடுப்பது, 2,625 நிலை. ஒருவர் தனியாகச் செய்தால் நாளைக்கு 7 விநாடி வைத்துக்கொள்ளுங்கள், 30 நாள் வேலை. 1 பிரேம் கணக்கில் எடுக்கும் வண்டிக் காட்சிக்கு இரட்டிப்பு நேரம் தனியாக ஒதுக்குங்கள்.

எடுக்கும் வரிசை கதை வரிசையில் வேண்டாம். ஒரே பின்னணி, ஒரே விளக்கு உள்ள ஷாட்டுகளைச் சேர்த்து முடியுங்கள். பொம்மைக்கு மிகவும் கடினமான ஷாட்டை முதல் நாளிலும் வைக்காதீர்கள், கடைசி நாளிலும் வைக்காதீர்கள். முதல் நாளில் கை பழகியிருக்காது, கடைசியில் கணுக்கால் தாங்காது. ஷாட்டை நடுவில் விட்டுவிட்டு இரவு தூங்கப் போகக் கூடாது. வெப்பம் மாறினால் மேஜைப் பலகை நகரும், காலையில் எடுக்கும் முதல் பிரேம் ஒரு மி.மீ. தள்ளி நிற்கும். அன்று முடிக்க முடியாத ஷாட்டை அன்று தொடங்க வேண்டாம்.